பிள்ளை மனசுக்கும் நோய் வரும்



பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறோம். வயிற்றோட்டம் என்றால் ஜீவனி கரைத்துக் கொடுக்கிறோம். கவ்வாத்துக் கத்தி காலில் பட்டால் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடுகிறோம். ஆனால் கலகலவென்று திரிந்த பிள்ளை பேச்சைக் குறைத்துவிட்டால் என்ன செய்கிறோம்? ராத்திரியில் அலறி எழும்பினால், நன்றாகப் படித்தவன் திடீரென்று ஒன்றும் ஏறாமல் உட்கார்ந்திருந்தால் என்ன சொல்கிறோம்? "கொழுப்பு" என்கிறோம். "நடிப்பு" என்கிறோம். "காத்துக் கறுப்பு பட்டிருக்கும்" என்கிறோம். நாலு அடி போட்டால் சரியாகும் என்று நினைப்பவர்களும் உண்டு.

நலன்புரி வேலையில் லயம் லயமாகப் போய்வரும் நாம் இதை அடிக்கடி கேட்கிறோம். அதனால்தான் பிள்ளைகளுக்கு வரும் மனநோய்கள் பற்றி நமது நாட்டிலும் வெளிநாட்டிலும் நடந்த ஆய்வுகள் என்ன சொல்லுகின்றன என்பதை இந்த இதழில் எழுதுகிறோம். படித்தவர்கள் படிக்காதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

எது குறும்பு, எது நோய்?

எல்லாப் பிள்ளைகளும் அழும், பயப்படும், அடம் பிடிக்கும். பரீட்சை வந்தால் வயிறு கலங்கும். ஆயா செத்துப் போனால் கொஞ்ச நாளைக்குச் சாப்பாடு இறங்காது. இதெல்லாம் நோயில்லை.

நோய் என்று வைத்தியர்கள் சொல்வதற்கு மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள். முதலாவது, எவ்வளவு காலமாக இருக்கிறது? இரண்டு நாள் சோர்வு வேறு, கிழமைக் கணக்கில், மாதக் கணக்கில் தொடரும் சோர்வு வேறு. இரண்டாவது, எங்கெங்கே இருக்கிறது? வீட்டில் மட்டுமா, பாடசாலையிலும் விளையாட்டிலும் அப்படித்தானா? மூன்றாவது, பிள்ளையின் சாப்பாடு, தூக்கம், படிப்பு, சினேகிதம் கெட்டுப் போயிருக்கிறதா? மூன்றுக்கும் பதில் கெட்டதாக இருந்தால் அந்தப் பிள்ளைக்கு உதவி தேவை.

மனநோய் என்றதும் சட்டையைக் கிழித்துக்கொண்டு தெருவில் திரிபவர்தான் பலருக்கு ஞாபகம் வரும். பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுபவை வேறு. காரணமில்லாமல் பயந்து நடுங்கும் பதகளிப்பு, எதிலும் ஆசை இல்லாமல் போகும் மனச்சோர்வு, ஓரிடத்தில் இருக்க முடியாத துடியாட்டமும் கவனக் குறைவும், அடிதடி பொய் களவு என்று போகும் நடத்தைக் கோளாறு, பயங்கரமான சம்பவம் ஒன்றுக்குப் பிறகு மனதில் தங்கிவிடும் மனவடு ஆகியவை முக்கியமானவை. வாலிப வயதில் காதில் குரல் கேட்பது, எல்லோரும் தன்னைக் கெடுக்கப் பார்க்கிறார்கள் என்று சந்தேகிப்பது போன்ற கடுமையான நோய்களும் தொடங்கலாம். இவை குறைவு. ஆனால் வந்தால் பிந்தக் கூடாது.

இது எவ்வளவு பேருக்கு வருகிறது? 10 முதல் 19 வயது வரையானவர்களில் 7 பேருக்கு ஒருவர் ஏதோ ஒரு மனநலப் பிரச்சினையோடு வாழ்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. நம் தோட்டத்துப் பாடசாலையில் ஒரு வகுப்பில் 30 பிள்ளைகள் இருந்தால் நாலு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்தவர்களிடம் காணப்படும் மனநோய்களில் பாதியளவு 14 வயதுக்குள்ளேயே தொடங்கியவை என்று அமெரிக்காவில் செய்யப்பட்டு 2005இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று காட்டியது. ஆகவே பிள்ளைப் பருவத்திலேயே கவனிப்பது மிகவும் பெறுமதியானது.

கடல் வந்த பிறகு

நாம் பிறந்து வளர்ந்த ஊர் அம்பாறை மாவட்டத்து இறக்காமம். பெரிய குளமும் வயலும் உள்ள ஊர். கடலிலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால் 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி அலை எம் ஊருக்கு வரவில்லை. ஆனால் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கரையோரம் முழுவதும் அழிந்தது. இலங்கையிலேயே கூடுதலான உயிர்ச் சேதம் அம்பாறை மாவட்டத்தில்தான். 10,000 பேருக்கு மேல். தப்பியவர்களில் பலர் உள்ளூர்களில் இருந்த சொந்தக்காரர் வீடுகளுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அப்போது பெரியவர்களுக்குச் சோறும் பாயும் உடுப்பும் கொடுக்க எல்லோருக்கும் தெரிந்தது. பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. குளத்தடிக்குக் குளிக்கக் கூப்பிட்டால் தண்ணீரைக் கண்டு அலறிய பிள்ளைகள் இருந்தார்கள். உம்மாவின் சீலைத் தலைப்பை விடாமல் பிடித்துக்கொண்டே திரிந்த பத்து வயதுப் பையன்கள் இருந்தார்கள். "ஜின் பாத்திருச்சு, ஓதிப் பாருங்க" என்றார்கள் சிலர். "நாள் போனா மறந்திரும்" என்றார்கள் வேறு சிலர்.

அந்த நாட்களில்தான் நம் நாட்டில் ஒரு முக்கியமான ஆய்வு நடந்தது. ஜேர்மனியின் கொன்ஸ்ரன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராங்க் நொய்னர் என்பவரும் கூட்டாளிகளும், சுனாமி நடந்து மூன்று நாலு கிழமைக்குள், மூன்று கரையோர இடங்களில் 264 பிள்ளைகளைக் கண்டு பேசினார்கள். வடக்கே மணற்காடு, மேற்கே கொஸ்கொட, தெற்கே காலி ஆகியவை அந்த இடங்கள். பிள்ளைகள் 8 முதல் 14 வயதுக்காரர்கள். முடிவு 2006இல் வெளியானது. சுனாமியால் வந்த மனவடுவின் அறிகுறிகள் இடத்துக்கிடம் 100க்கு 14 முதல் 39 பிள்ளைகள் வரை இருந்தன.

ஒரே கடல், ஒரே நாள். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? பிள்ளை எவ்வளவு பயங்கரத்தைக் கண்டது, குடும்பத்தில் யாரை இழந்தது, அதற்கு முன்னரே என்னென்ன பட்டிருந்தது என்பதைப் பொறுத்தே பாதிப்பு கூடிக் குறைந்தது. முன்பே யுத்தத்தில் அடிபட்டிருந்த பிள்ளைகளின் மனம் சுனாமியில் இன்னும் கூடுதலாக உடைந்திருந்தது.

கொழுந்து எடுப்பவர்களுக்கு இது இலகுவாக விளங்கும். காலையில் வெறும் கூடையோடு மலை ஏறும்போது பாரம் தெரியாது. நேரம் போகப் போகக் கூடை நிறையும், நெற்றியில் கயிறு இறுகும். மழை பெய்து கொழுந்து நனைந்தால் பாரம் இரண்டு மடங்கு. பிள்ளையின் மனமும் அப்படித்தான் சுமக்கிறது. கடைசியில் விழுந்த ஒரு பிடி கொழுந்தால் மட்டும் ஆள் சரிவதில்லை. முன்னே சேர்ந்தது எல்லாம் அதில் இருக்கிறது.

இது கடற்கரைக்காரர் கதை என்று நினைக்க வேண்டாம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. காலையில் பாடசாலைக்குப் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றவர்களும் இல்லை. மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை வந்தாலே தூங்காத பிள்ளைகள் இன்றும் மலைநாட்டில் இருக்கிறார்கள்.

வீட்டுக்குள் நடக்கும் யுத்தம்

அடுத்த ஆய்வுதான் பெற்றோர்களாகிய நாம் எல்லோரும் கவனமாகக் கேட்க வேண்டியது. 2008இல் கிளவுடியா கற்றானி என்பவரும் கூட்டாளிகளும் வெளியிட்டது. வடகிழக்கில் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் யுத்தம், சுனாமி இரண்டையும் பற்றிக் கேட்டார்கள். அதோடு வீட்டில் நடப்பதைப் பற்றியும் கேட்டார்கள். 100க்கு 82 பிள்ளைகள் யுத்தத்தின் ஒரு கொடுமையையாவது அனுபவித்திருந்தார்கள். ஆனால் 100க்கு 95 பேருக்கு மேல் வீட்டுக்குள் அடி, ஏச்சு, வன்முறை என்று ஏதாவது ஒன்றையாவது அனுபவித்திருந்தார்கள். பத்தில் மூன்று பிள்ளைகளுக்கு மனவடு. ஐந்தில் ஒரு பிள்ளைக்கு மனச்சோர்வு.

யுத்தமும் சுனாமியும் மட்டும் அந்த நோயைக் கொண்டுவரவில்லை. வீட்டு வன்முறையும் தன் பங்குக்குக் கொண்டு வந்தது. தகப்பன் குடிக்கும் வீட்டில் பிள்ளை அடிபடுவது கூடியது என்பதையும் அந்த ஆய்வு காட்டியது.

சம்பள நாள் பின்னேரம் எங்கள் லயங்களில் என்ன நடக்கிறது என்பதை நாம் இங்கே விவரிக்கத் தேவையில்லை. பத்தடிக் காம்பராவில் அப்பா அம்மாவை அடிக்கும்போது பிள்ளை போய் ஒளிய இடமில்லை. போர்வைக்குள் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும் பிள்ளை தூங்குகிறது என்று நாம் நினைக்கிறோம். அது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருக்கிறது. "நாங்க புள்ளைய தொடல்லியே" என்று சொல்லித் தப்ப முடியாது. பார்த்துக்கொண்டிருப்பதும் பிள்ளைக்கு அடிதான்.

வன்னியில் 420 பாடசாலைப் பிள்ளைகளிடம் செய்யப்பட்டு 2009இல் வெளியான இன்னோர் ஆய்வும் உண்டு. அதில் 100க்கு 92 பேர் கொடூரமான சம்பவங்களை அனுபவித்திருந்தார்கள். 100க்கு 25 பேருக்கு மனவடு இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு ஞாபக சக்தி குறைந்திருந்தது, பாடசாலைப் புள்ளிகளும் குறைந்திருந்தன, தலைவலி வயிற்றுவலி போன்ற உடல் நலக் குறைவும் கூடுதலாக இருந்தது. ஆகவே "மண்டையில் ஒண்டுமில்ல" என்று நாம் ஏசும் பிள்ளையின் மண்டையில் அளவுக்கு மிஞ்சிய பாரம் இருக்கலாம். புள்ளி குறைந்தால் பிரம்பை எடுக்கும் முன் காரணத்தைத் தேட வேண்டும்.

ஒரு சுமையை இறக்கினாலும் போதும்

சுமை ஏறுவதைப் பற்றி முதன்முதலில் ஒழுங்காகக் கணக்குப் பார்த்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தைச் சேர்ந்த மைக்கல் ரட்டர் என்ற வைத்தியர். 1964, 1965ஆம் ஆண்டுகளில் வைற் தீவு என்ற இடத்தில் 10, 11 வயதுப் பிள்ளைகள் எல்லோரையும் ஆராய்ந்தார். 100க்கு ஏறக்குறைய 7 பிள்ளைகளுக்கு மனநலக் கோளாறு இருந்தது. பின்னர் லண்டன் நகரத்தில் சனநெரிசல் மிகுந்த ஒரு பகுதியில் பார்த்தபோது அது ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது.

அவர் குடும்பக் கஷ்டங்கள் ஆறைப் பட்டியல் போட்டார். தாய் தகப்பனுக்குள் கடுமையான சண்டை, வறுமையான நிலை, இடநெருக்கடி, தகப்பன் குற்றங்களில் ஈடுபடுவது, தாய்க்கு மனநோய், பிள்ளை வீட்டை விட்டு வேறிடத்தில் வளர்வது ஆகியவை அவை. இதில் ஒன்று மட்டும் இருந்த வீட்டுப் பிள்ளைகள், ஒன்றுமே இல்லாத வீட்டுப் பிள்ளைகளைப் போலவே நன்றாக இருந்தார்கள். இரண்டு சேர்ந்தபோது ஆபத்து நாலு மடங்கானது. இன்னும் கூடக்கூட இன்னும் ஏறியது.

நம் தோட்டங்களில் இடநெருக்கடியும் வறுமையும் பெரும்பாலான வீடுகளுக்குப் பொது. லயக் காம்பராவை நாளைக்கே நம்மால் மாளிகை ஆக்க முடியாது. ஆனால் சண்டையைக் குறைக்கலாம். குடியைக் குறைக்கலாம். தாய்க்குச் சுகமில்லை என்றால் வைத்தியம் பார்க்கலாம். எல்லாச் சுமையையும் இறக்க முடியாவிட்டாலும் ஒன்றை இறக்கினால் பிள்ளையின் முதுகு நிமிரும் என்பதுதான் இந்த ஆய்வு தரும் நம்பிக்கை.

பசிபிக் சமுத்திரத்திலும் ஒரு தோட்டம்

நம்மைப் போன்ற தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றியும் புகழ்பெற்ற ஓர் ஆய்வு இருக்கிறது. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாய் அக்காலத்தில் கரும்புத் தோட்டங்களும் அன்னாசித் தோட்டங்களும் நிறைந்த தீவு. பல நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட கூலித் தொழிலாளரின் வம்சத்தினர் அங்கே வாழ்ந்தார்கள். 1955இல் அந்தத் தீவில் பிறந்த 698 பிள்ளைகளை எமி வேர்னர் என்ற அம்மையாரும் ரூத் ஸ்மித் என்பவரும் பல பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள்.

வறுமை, சண்டை, குடி, தாயின் நோய் என்று நாலோ அதற்கு மேலோ கஷ்டங்களோடு வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினர் பிரச்சினைகளுக்கு உள்ளானார்கள். மூன்றில் ஒரு பங்கினர், 72 பேர், நல்லபடியாக வளர்ந்து வேலை செய்து குடும்பம் நடத்தும் மனிதர்களானார்கள். அவர்களிடம் என்ன இருந்தது என்று தேடினார்கள். காசோ பெரிய வீடோ இல்லை. சின்ன வயதிலிருந்தே அந்தப் பிள்ளை மீது உயிராக இருந்த, நம்பக்கூடிய ஒரு பெரிய ஆள் இருந்தார். சிலருக்கு அது தாய். சிலருக்குப் பாட்டி, தாத்தா, மூத்த அக்கா. சிலருக்கு ஆசிரியர் அல்லது கோயில் குளத்தில் பழகிய ஒரு பெரியவர். வீட்டில் ஒரு பொறுப்பான வேலையும் பலருக்கு இருந்தது. நம்மையும் ஒருத்தருக்குத் தேவை என்ற நினைப்பு அவர்களைத் தாங்கியது.

பிள்ளைக் காம்பராவில் உள்ள ஆயம்மாமார், தோட்டத்துப் பாடசாலை ஆசிரியர்கள், அடுத்த காம்பராவில் இருக்கும் பெரியம்மாமார் எல்லோரும் இதைக் கவனிக்க வேண்டும். சொந்தப் பிள்ளை இல்லாவிட்டாலும் "வாடா ராசா, சாப்பிட்டியா" என்று தினமும் கேட்கும் ஓர் ஆள், அந்தப் பிள்ளைக்கு மருந்துக்குச் சமம்.

காசும் நேரமும்

வறுமைக்கும் பிள்ளையின் மனத்துக்கும் உள்ள தொடர்பையும் ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் செரோக்கி என்ற பழங்குடி மக்கள் வாழும் பகுதியில் 1,420 பிள்ளைகளைப் பல வருடம் கவனித்து வந்தார்கள். இடையில் அங்கே ஒரு சூதாட்ட விடுதி திறக்கப்பட்டு, அதன் இலாபத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு பழங்குடிக் குடும்பத்துக்கும் கிடைத்தது. வறுமையிலிருந்து மீண்ட குடும்பங்களின் பிள்ளைகளிடம் அடிதடி, முரட்டுத்தனம் போன்ற நடத்தைப் பிரச்சினைகள் குறைந்தன. அவர்கள் முன்பு வறுமையே படாத பிள்ளைகளின் அளவுக்கு வந்துவிட்டார்கள். காரணம் என்ன என்று பார்த்தால், பெற்றோருக்குப் பிள்ளையைக் கவனிக்க நேரம் கிடைத்திருந்தது. ஆனால் மனச்சோர்வும் பதகளிப்பும் காசால் குறையவில்லை. காசு சிலதைத் தீர்க்கும், எல்லாவற்றையும் தீர்க்காது.

இதை எழுதுவது தோட்டத்தாருக்கு மட்டுமல்ல. பேர் போட முழு நாளும் மலையில் நிற்கும் தாய்க்குப் பிள்ளையோடு பேச நேரம் எங்கே? நியாயமான சம்பளமும், நல்ல பிள்ளைக் காம்பராவும், தொழுவத்தைப் போல் இல்லாத வீடும் பிள்ளைகளின் மனநலத்துக்கும் சேர்ந்த விஷயங்கள் என்பதை நிர்வாகத்தில் இருப்பவர்களும் உணர வேண்டும்.

தாய் அல்லது தகப்பன் வெளிநாட்டுக்குப் போன வீடுகளைப் பற்றி இலங்கையில் செய்யப்பட்ட ஆய்வொன்று 2015இல் வெளியானது. விட்டுச் செல்லப்பட்ட பிள்ளைகளில் ஐந்தில் இருவருக்கு மனநலக் கோளாறு இருந்ததாக அது சொன்னது. வெளிநாடு போகும் தாய்மாரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வயிற்றுப்பாட்டுக்காகப் போகிறார்கள். போகிறவர்கள், பிள்ளையை யாரிடம் விடுகிறோம், அந்த ஆள் குடிக்காதவரா, பிள்ளை அவரோடு மனம்விட்டுப் பேசுமா என்பதைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். என்றைக்கு வருவோம் என்பதைப் பிள்ளைக்கு உண்மையாகச் சொல்லிப் போக வேண்டும். "கடைக்குப் போய்ட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு மறைந்து போவது பிள்ளையின் மனதைப் பல வருடத்துக்கு வாட்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

சின்னப் பிள்ளைகளிடம்:
- விட்டுப் போயிருந்த படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்பி வருதல்.
- ராத்திரியில் கத்தி எழும்புதல், தனியே இருக்கப் பயம், தாயை விட்டு நகராமை.
- ஒரே பயங்கர விளையாட்டைத் திரும்பத் திரும்ப விளையாடுதல்.
- பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமை, கண்ணைப் பார்க்காமை, வயதுக்குரிய பேச்சு வராமை.

பெரிய பிள்ளைகளிடம்:
- இரண்டு கிழமைக்கு மேல் தொடரும் சோகம், எரிச்சல், விளையாட்டிலும் சினேகிதரிடமும் ஆசையற்றுப் போதல்.
- தூக்கமும் சாப்பாடும் குறைதல் அல்லது அளவுக்கு மிஞ்சுதல்.
- டாக்டர் பார்த்தும் காரணம் தெரியாத தலைவலி, வயிற்றுவலி, மயங்கி விழுதல்.
- பாடசாலைக்குப் போக மறுத்தல், புள்ளிகள் திடீரென்று குறைதல்.
- குடி, புகை, போதைப் பொருள்.
- "நான் இருந்து என்ன பிரயோசனம்", "செத்திட்டா நல்லம்" என்ற பேச்சு.

கடைசியில் சொன்ன பேச்சை ஒருநாளும் விளையாட்டாக எடுக்க வேண்டாம். பிள்ளையைத் தனியே விடாமல் பக்கத்தில் இருங்கள். சாக நினைக்கிறாயா என்று அன்பாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டால் பிள்ளைக்குப் பாரம் குறையும். அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டு போங்கள். மரக்கறித் தோட்டத்துக்கு வாங்கிய மருந்துகளை வீட்டுக்குள் வைக்காமல், பூட்டுப் போட்ட இடத்தில் வையுங்கள். 1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே தற்கொலை மிகக் கூடிய நாடுகளில் ஒன்றாக இருந்தது இலங்கை. கொடிய விவசாய மருந்துகள் சில தடை செய்யப்பட்ட பிறகு அந்த மரணங்கள் பெருமளவு குறைந்தன. கைக்கெட்டாமல் வைப்பதே பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

இன்னொன்று. 14, 15 வயதுப் பிள்ளைகளின் துக்கம் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் பெரும்பாலும் தெரிவதில்லை என்பதையும் வைற் தீவில் கண்டறிந்தார்கள். பிள்ளையிடமே தனியாகக் கேட்டபோதுதான் வெளியே வந்தது. ஆகவே பார்த்து மட்டும் முடிவு செய்யாமல் கேளுங்கள். கேட்டுவிட்டு, பிள்ளை சொல்லும் வரை வாயை மூடிக்கொண்டு இருங்கள். அதுதான் கஷ்டம்.

குணமாகுமா?

ஆகும். சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் ஒரு முகாமில் மனவடு இருந்த 31 பிள்ளைகளுக்கு இரண்டு விதமான சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியினர் பிறந்தது முதல் நடந்ததை எல்லாம் ஒழுங்காகக் கதையாகச் சொன்னார்கள். இந்த முறையில் நிலத்தில் ஒரு கயிற்றை நீட்டி, நல்ல சம்பவத்துக்கு ஒரு பூவும் கெட்ட சம்பவத்துக்கு ஒரு கல்லும் வைத்து, பிள்ளை தன் வாழ்க்கையைச் சொல்லும். மற்றப் பகுதியினருக்கு மூச்சுப் பயிற்சி, தியானம், உடலைத் தளர்த்தும் பயிற்சி. ஆறே ஆறு தடவைதான். செய்தவர்கள் பெரிய டாக்டர்கள் அல்லர், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு பார்த்தபோது கதை சொன்ன பிள்ளைகளில் 100க்கு 81 பேரும், பயிற்சி செய்தவர்களில் 100க்கு 71 பேரும் மனவடுவிலிருந்து மீண்டிருந்தார்கள்.

மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சித் தோட்டத்திலும், யுத்த காலத்திலேயே தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாக வந்து சித்திரம் கீறி, களிமண் பிசைந்து, நாடகம் போட்டார்கள். விளையாட்டும் கலையும் பிள்ளைக்கு வேலையற்ற வேலை அல்ல. அதுவே அதன் மனதைச் சுகப்படுத்தும் வழிகளில் ஒன்று.

சாமி, தாயத்து, ஓதல் பற்றிச் சிலர் கேட்பார்கள். எமது ஊரில் தண்ணீர் ஓதிக் கொடுப்பார்கள், இங்கே முனிக்குப் பூசை போடுவார்கள். கடவுள் நம்பிக்கை மனதுக்குத் தெம்பு தரும். அதை விடச் சொல்லவில்லை. ஆனால் பேயை விரட்டுகிறோம் என்று பிள்ளையை அடிப்பது, சூடு வைப்பது, பட்டினி போடுவது கொடுமை. மயங்கி விழுந்து ஆடும் பெண் பிள்ளை நடிக்கவில்லை. வாயால் சொல்ல முடியாத துன்பத்தை அவள் உடம்பு சொல்லுகிறது. அடித்தால் அந்தத் துன்பம் இன்னும் உள்ளே போகும். பூசையும் செய்யுங்கள், வைத்தியரிடமும் போங்கள்.

எங்கே போவது?

முதலில் தோட்ட வைத்தியரிடமோ மருத்துவ மாதுவிடமோ சொல்லுங்கள். பாடசாலையில் வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியர் இருந்தால் அவரிடம் பேசுங்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் விடயங்களைப் பார்க்கும் உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். நுவரெலியா, பதுளை போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளில் மனநல கிளினிக் நடக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு இல்லை. மருந்து தந்தால், கொஞ்சம் சுகமானதும் நீங்களாக நிறுத்த வேண்டாம். டாக்டரைக் கேட்டே குறைக்க வேண்டும். தொலைபேசியில் பேச விரும்பினால் 1926 தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். பிள்ளைக்கு யாராவது கொடுமை செய்தால் 1929 சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம்.

"ஊருல தெரிஞ்சா நாளைக்கு பொண்ணு கேட்டு வருவாங்களா" என்று பயந்து மறைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் விளங்குகிறது. ஆனால் மறைத்து வைத்த நோய் வளர்ந்து ஒருநாள் ஊருக்கே தெரியத்தான் போகிறது. காலத்தோடு காட்டிய பிள்ளை சுகமாகிப் படித்து முன்னேறினால் ஊர் அதைத்தான் பேசும்.

எங்களிடம் வந்து பேச விரும்புகிறவர்கள் பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லத் தேவையில்லை. நலன்புரி அறைக்கு வாருங்கள், அல்லது நாம் லயத்துக்கு வரும்போது ஒரு கண் ஜாடை காட்டுங்கள். பேசியது அந்த அறையை விட்டு வெளியே போகாது.

இன்று ராத்திரி சாப்பிடும்போது பிள்ளையிடம் "படிச்சியா" என்று கேட்பதற்கு முன், "இன்னைக்கு எப்புடி இருந்த" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.